வாசலில் கழற்றி வைத்த நான்கு பூட்ஸ்

போன வாரம் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று வேலூருக்குப் பஸ் ஏறினேன். ஆம்பூரில் ஏறும்போதே ஜன்னலோரத்தைப் பிடித்துவிட்டேன். இடம் பிடிக்கிற விஷயத்தில் எனக்கு இன்னும் வயசாகவில்லை. மாதனூரில் ஒரு கல்லூரிப் பெண் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. பையின் மேல் ஒரு படம் அச்சடித்திருந்தது. தரை வரைக்கும் தொங்குகிற ஜடை வைத்த ஒரு பெண், ஜடையின் முனையிலிருந்து பாதி வெளியே வந்திருக்கும் ஒரு கப்பல் நங்கூரம்.

வாய் சும்மா இருக்கவில்லை.

"இது அந்த ஆறே ஆறு எபிசோடு பொண்ணுதானே?"

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். என் வெள்ளைத் தலையைப் பார்த்தாள், தன் பையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆயா, நீங்க அனிமே எல்லாம் பார்ப்பீங்களா?"

"இதோட கடைசி எபிசோட நாலு வாட்டி பார்த்திருக்கேன்."

"ஐயோ, நான் அழுதுட்டேன் ஆயா. பாவம், அநியாயமா ஒருத்தி செத்துட்டா இல்ல?"

"யாரு செத்தா? ஒருத்தியும் சாகல."

"இல்ல ஆயா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் மூஞ்சியப் பார்த்திருப்பாங்க. காலைப் பார்க்கணும்."

அதற்குள் பள்ளிகொண்டா வந்துவிட்டது. அவள் இறங்க வேண்டிய இடம். கீழே நின்றுகொண்டு, "காலுல இன்னா ஆயா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை. எழுதவும் மெதுவாகத்தான் வரும். உங்களுக்கும் அவசரம் இல்லை என்றால் உட்காருங்கள்.

ஆயா என்று கூப்பிட்டதை நான் மன்னித்துவிட்டேன். நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அறுபதைத் தாண்டியும் அங்கே நான் பெரியக்காதான். ஒரு முறை புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தெரியாமல் ஆயா என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் தைத்ததில் பாதிக்கு மேல், குறை என்று காட்டுகிற சிவப்பு அம்பு ஒட்டினேன். தையல் கோணல்தான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கா என்று கூப்பிட்டிருந்தால் அதில் இரண்டு மூன்றைப் பார்க்காத மாதிரி விட்டிருப்பேன்.

அந்தப் பெண்ணின் பை இருக்கிறதே, அது தோல் இல்லை. பார்க்கத் தோல் மாதிரி இருக்கும், ரெக்ஸின். மூக்கைக் கிட்டே கொண்டுபோகக்கூட வேண்டாம். வெயில் பட்டதும் ரெக்ஸின் ஒரு மருந்துக்கடை வாசனை அடிக்கும். தோல் அப்படி அடிக்காது. முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்த மூக்கு இது. காலையில் கேட்டுக்குள் கால் வைத்ததும் சொலூஷன் வாசனை, தோலை ஒட்டுகிற பசை, சுருக்கென்று மண்டைக்குள் ஏறும். முதல் வாரம் எல்லோரும் தலைவலி என்பார்கள். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் அந்த வாசனை இல்லாமல் என்னவோ குறைகிறதே என்று இருக்கும். என் புடவையை எத்தனை துவைத்தாலும் அது போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் திருப்பிக்கொள்ள மாட்டேன். சோறு போட்ட வாசனை.

நான் செக்கர். தைத்து முடித்து, அட்டி, அதாவது அடிப்பாகம், ஒட்டி, பாலிஷ் போட்ட ஷூ என் மேஜைக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கே குறையோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். எழுத வேண்டிய வேலையே இல்லை, அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்தது. அம்புக்குப் படிப்பு வேண்டாம், கண் போதும்.

குறைகளில் பெரிய குறை ஜோடி மாறுவது. ஒரே மாடல், ஒரே சைஸ், ஒரே கறுப்பாக இருக்கலாம். ஆனாலும் ஒரு ஜோடிக்கு ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் வெட்டியிருப்பார்கள். அதனால் இடதும் வலதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போகும். கை தவறி வேறொரு ஜோடியின் வலதோடு சேர்த்துவிட்டால், பளபளப்பில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். வெளிநாட்டில் பெட்டியைத் திறக்கிறவனுக்கு அது போதும். இதில் பேஜார் என்னவென்றால், ஒரு பெட்டியில் மாறின ஜோடி கிடைத்தால் அதோடு முடியாது. மிச்ச இரண்டும் ஜோடியாகி இன்னொரு பெட்டியில் கட்டாயம் இருக்கும். அதைத் தேடி எடுக்கிற வரைக்கும் லாரி நகராது. ஒரு முறை லாரியில் ஏற்றின பெட்டியை எல்லாம் இறக்கித் தேடியிருக்கிறோம். கலாதான் கண்டுபிடித்தாள்.

கலா என்றால் கலைவாணி. குடியாத்தத்துப் பெண், அப்பா லுங்கி நெய்கிறவர். என் மேஜைக்கு அடுத்தது அவள் மேஜை, ஜோடி சேர்க்கிற மேஜை. அதற்கு முன்னால் தையல் மிஷினில் இருந்தாள். அவள் தைத்ததற்கு நான் அம்பு ஒட்டினதாக ஞாபகமே இல்லை. இங்கே ஆள் போதவில்லை என்று மாற்றிவிட்டார்கள். நல்ல கையைத் தூக்கிப் பெட்டி அடுக்க வைத்துவிட்டார்களே என்று எனக்கே ஆதங்கம். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். வாய் கம்மி, கண் ஜாஸ்தி.

அவளுடைய தோஸ்த் நஸ்ரீன். ஆம்பூர் பெண், இருபத்திரண்டு வயது, தையல் மிஷினில்தான் இருந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள், இங்கிலீஷ் படிப்பாள். இவளுக்கு வாய் ஓயாது. காலையில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வருவார்கள், சாயங்காலம் அதிலேயே போவார்கள். ஒருத்தி கழிப்பறைக்குப் போனால் இன்னொருத்தி வாசலில் நிற்பாள். உங்களை ஒரே அச்சில் மாட்டி எடுத்தாங்களா என்று கேட்பேன்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பின்பக்கம் தகரக் கொட்டகையில் கலா கொண்டுவந்த கறை பிடித்த லுங்கி ஒன்றை விரித்து ஐந்து பேர் உட்காருவோம். கலா, நஸ்ரீன், நான், அட்டி ஒட்டுகிற ஆரோக்கியமேரி, நீட்டிக்கொண்டிருக்கிற நூல் முனையைக் கருக்குகிற சுலோச்சனா. மேரி பேசினால் நாலு லைன் தாண்டிக் கேட்கும். சுலோச்சனா சாப்பிட்ட கையோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், ஆனால் எல்லாம் காதில் விழும். அப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் போன் பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஷூவை வடிவம் பிடிக்க வைக்கிற பிளாஸ்டிக் கால் அச்சு ஒன்று உடைந்து மூலையில் கிடந்தது. நஸ்ரீன் அதைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தாள்.

"இன்னாடி இது, பொம்மைப் படமா?" என்றாள் மேரி. "கண்ணு ரெண்டும் பரோட்டா சைஸுக்கு இருக்குது."

"இது சின்னப் பிள்ளைங்க படம் இல்ல மேரிக்கா. மொத்தமே ஆறு எபிசோடுதான். வாரத்துக்கு ஒண்ணு விடுறாங்க. சும்மா பாருங்க."

பேச்சு ஜப்பான் பேச்சு. கீழே இங்கிலீஷில் ஓடும். நஸ்ரீன் அதைப் படித்துப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வாள், ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே. சண்டை வந்தால் அவளுக்கு வேலை இல்லை. சண்டைக்கு எதற்கு மொழி? அப்போதுதான் அவள் நாலு வாய் சாப்பிடுவாள்.

கதையைக் கேளுங்கள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்குள் மலை உயரத்துக்கு ஒருத்தன் நடந்து திரிகிறான். அவனுக்குத் தலைக்குப் பதில் ஒரு கெட்டில், டீ கொதிக்க வைப்பார்களே அந்தக் கெட்டில். அது கொதித்து விசில் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஊர் ஜனங்களுக்கு ஒரு விஷயம் மறந்துபோகும். முதல் விசிலுக்கு மீன்களின் பெயர். அடுத்ததற்குப் படியிறங்குவது எப்படி என்று மறந்துவிட்டது. மாடியில் இருந்தவர்கள் எல்லாம் மாடியிலேயே நிற்கிறார்கள். அவனை எதிர்த்துச் சண்டை போடுகிறவள்தான் அந்த ஜடைக்காரி. ஜடையை அவிழ்த்து உதறினால் அதிலிருந்து ஏதாவது வரும். நங்கூரம் வரும், தண்டவாளம் வரும், ஒரு நாள் ஒரு முழு பஸ் வந்தது. அதைச் சுழற்றி அடிப்பாள்.

நான் முதல் நாள் கேட்ட கேள்வி, "இந்தப் பொண்ணு தலைக்கு இன்னா எண்ணெய் வெக்கிது?" என்பதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

ஜடைக்காரிக்கு ஒரு சிநேகிதி, கிராப்பு வெட்டினவள். படகுக்குப் பெயிண்ட் அடிப்பது அவள் வேலை. சண்டை தெரியாது, தைரியமும் கம்மி. ஆனால் மூன்றாவது எபிசோடில் ஜடைக்காரியின் இடது பூட்ஸ் முனையில் கிழிந்துவிட, இவள் மீன் வலை பின்னுகிற சிவப்பு நூலால் உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறாள். மட்டமான தையல். நான் இருந்தால் அம்புதான். இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கின கறுப்பு பூட்ஸ். ஒரே சைஸும்கூட. என் கணக்குப்படி முப்பத்தேழு.

நாலாவது எபிசோடுக்கெல்லாம் நானே காலையில் கேட்டுக்குள் நுழையும்போது, "வந்துடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். மேரி பரோட்டாக் கண் என்று சொன்னதை மறந்துவிட்டாள். அந்தக் கெட்டில் தலையன் நாசமாய்ப் போகட்டும் என்று சர்ச்சில் வேண்டிக்கொண்டாளாம். சுலோச்சனா தூங்குவதை விட்டுவிட்டாள்.

ஐந்தாவது எபிசோடு முடிந்த அன்றைக்குத்தான் நம் கதையில் கெட்டில் கொதித்தது.

சென்னையில் கம்பெனியின் பெரிய ஆபீஸில் சாம்பிள் ரூம் ஒன்று உண்டு. புது மாடல் ஷூவை முதன்முதலில் அங்கேதான் செய்து பார்ப்பார்கள். அதற்கு எங்கள் யூனிட்டிலிருந்து ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு ஷூவை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆளாகத் தைத்துக் காட்ட வேண்டும், யாருடையது நன்றாக இருக்கிறதோ அவளுக்கு வேலை. தையல் லைன் இன்சார்ஜ் இதைத் தையல் லைனில் மட்டும் சொன்னார். நஸ்ரீன் தைத்துக் காட்டினாள், அவளையே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை இங்கே கடைசி நாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவள் இதைச் சொன்னதும் எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். கலாவுக்கும்தான், ஒரு நிமிஷம். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எப்போ சொன்னாங்க இதை?"

"திங்கக்கிழமை," என்றாள் நஸ்ரீன்.

"இன்னிக்கு சனிக்கிழமை."

"ஆமா."

"அஞ்சு நாளு. ஒரே ஆட்டோவுல என் பக்கத்துல உட்கார்ந்து வந்தே."

கலா டிபன் பாக்ஸை மூடினாள். எங்கள் லுங்கியிலிருந்து எழுந்து போய்க் கொட்டகையின் அந்தக் கோடியில் பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்தாள். லுங்கியை மட்டும் எங்களுக்கே விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் திரும்பி வருவாள் என்று நினைத்திருப்பேன்.

திங்கள் முதல் ஒருத்தி ஒரு ஆட்டோ, இன்னொருத்தி வேறொரு ஆட்டோ. மேரி இரண்டு பக்கமும் போய்ப் பேசிப் பார்த்தாள். கலா, "நான் கோவமா இல்லையே மேரிக்கா," என்று சொல்லிவிட்டாள். நஸ்ரீன், "அவ கேட்டா சொல்றேன்," என்றாள். கேட்கவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். நானும் போகவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அம்பு ஒட்டுவது என் வேலை, தையலைப் பிரித்துத் தைப்பது தைத்தவள் வேலை. சனிக்கிழமைக்குள் பேசிக்கொள்ளாவிட்டால் இந்த இரண்டு பேரும் ஆயுசுக்கும் பேசமாட்டார்கள் என்று மட்டும் பட்டது. ஒருத்தி சென்னைக்குப் போய்விட்டால் பிறகு யார் யாரைத் தேடி வரப்போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஆறாவது எபிசோடு வந்துவிட்டது. நஸ்ரீன் அதைத் தனியாகப் பார்த்துவிடவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு வைத்திருந்தாள். அவள் அம்மி, அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், நெய் போட்டுச் சேமியா கிண்டிக் கொடுத்திருந்தாள். ஐந்து கிண்ணத்தில் போட்டாள். மூன்றை எங்களிடம் கொடுத்து, ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு, ஐந்தாவதை மூடி போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கொட்டகையின் அந்தக் கோடியில் கலா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனால் சாப்பிடவில்லை, சும்மா இருந்தாள். சத்தம் அங்கே கேட்கும்.

அப்படி ஒரு எபிசோடை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஜடையிலிருந்து ஒரு கலங்கரை விளக்கமே வருகிறது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். கடல் தலைகீழாகத் தொங்குகிறது, மீன்கள் மழை மாதிரி விழுகின்றன. விழுகிற மீன்களின் பெயரை ஊரார் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து கத்துகிறார்கள். கெட்டில் தலையனின் நெஞ்சில் ஒரு கதவு. ஜடைக்காரியும் கிராப்புக்காரியும் அந்தக் கதவு வரைக்கும் ஏறிவிட்டார்கள். உள்ளே போவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? பூட்ஸைக் கழற்றி வாசற்படியில் வைத்தார்கள். நாலு பூட்ஸ், வரிசையாக. "வாசப்படியிலேயே கழட்டிட்டாளுங்க, நாலும்!" என்று மேரி கத்தினாள். எதிரியின் நெஞ்சுக்குள் போகும்போதுகூடச் செருப்போடு போகவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவர்களைப் பிடித்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள்தான்.

உள்ளே ஒரே கொதி. பிறகு கெட்டில் வெடித்தது. வெள்ளைப் புகை. புகையிலிருந்து யாரோ நடந்து வருகிறாள். முகத்தைக் காட்டவில்லை. இரண்டு கால், இரண்டு பூட்ஸ், அவ்வளவுதான். தண்டவாளத்தின் மேல் நடந்து நடந்து தூரத்தில் புள்ளியாகிப் போகிறாள். முடிந்தது. பாட்டு போட்டுவிட்டான்.

"இன்னாடி இது?" என்றாள் மேரி. கண்ணில் தண்ணீர். "யாரு வந்தது? யாரு செத்தது?"

நஸ்ரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தெரியல மேரிக்கா. ஒருத்திதான் வந்தா. இன்னொருத்திய விட்டுட்டுத் தனியா போய்ட்டா," என்றாள். சொல்லும்போது அவள் போனைப் பார்க்கவில்லை. அந்தக் கோடியில் இருந்த முதுகைப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. என்னவோ உறுத்தியது. மேஜையில் ஒரு ஷூவைக் கையில் எடுத்ததும், குறை கண்ணில் படுவதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடுமே, அந்த மாதிரி.

"கொஞ்சம் பின்னாடி தள்ளு," என்றேன். "அந்தக் கால் வர்ற இடம். அங்கேயே நிறுத்து."

நிறுத்தினாள். பார்த்தேன். இடது பூட்ஸ் முனையில் சிவப்பு நூல் தையல். அது ஜடைக்காரியுடையது. வலது பூட்ஸில் கணுக்கால் கிட்டே ஒரு வெள்ளைச் சொட்டு. பெயிண்ட். அது கிராப்புக்காரியுடையது. நான் யோசிக்கவே இல்லை. இடுப்பு ஏப்ரன் பையில் எப்போதும் அம்பு ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை உரித்து நஸ்ரீனின் போன் கண்ணாடி மேலேயே ஒட்டினேன்.

"ஜோடி மாறியிருக்குது!"

செக்கர் குரல் அது. கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கும். கம்பெனியில் அந்த வார்த்தையைச் சொன்னால் ஒருத்தி எழுந்தே ஆக வேண்டும். ஜோடி மேஜை அவளுடையது. கலா எழுந்துவிட்டாள். கோபம், மனஸ்தாபம் எல்லாம் அந்தக் கோடியிலேயே இருந்தது. கால் மட்டும் நடந்து வந்துவிட்டது. குனிந்து போனைப் பார்த்தாள்.

"ஆமா பெரியக்கா. மாறித்தான் இருக்குது."

"சும்மா இருங்க," என்றாள் மேரி. "செத்தவளோட பூட்ஸ எடுத்து மாட்டியிருப்பா. ஞாபகத்துக்கு."

"ஒத்தைய மட்டுமா எடுப்பா?" என்றாள் கலா. "ஞாபகத்துக்குன்னா கையில எடுத்துட்டுப் போவா. இது அவசரத்துல மாட்டுனது. புகையில கண்ணு தெரியாம." பிறகு நஸ்ரீனைப் பார்க்காமல், ஆனால் நஸ்ரீனிடம் சொன்னாள். "இன்னும் பின்னாடி தள்ளு. வெடிச்ச பிறகு அந்த வாசப்படியக் காட்டுறானா பாரு."

ஏழு நாளில் முதல் பேச்சு. நஸ்ரீன் அவசரத்தில் தள்ளினது வேறு எங்கேயோ போய்விட்டது. மறுபடி தள்ளினாள். வந்தது. புகைக்கு நடுவில் வாசற்படி, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நிறுத்தினாள்.

படி காலியாக இருந்தது.

"நாலு வெச்சாங்க," என்றாள் கலா. "ஒருத்தி மட்டும் வந்திருந்தா ரெண்டு மிச்சம் இருக்கணும். இல்ல. மிச்ச ஜோடியும் நடந்து போயிருக்குது."

"இன்னொரு பெட்டி," என்றேன் நான்.

"ஆமா. இன்னொரு பெட்டியில இருக்கா. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

சுலோச்சனா கை தட்டினாள். மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏன் மறைக்க வேண்டும். நஸ்ரீன் பிறகு இதை இங்கிலீஷில் எங்கேயோ எழுதிப் போட்டாளாம். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ ஆட்கள், இதை நாங்கள் பார்க்கவே இல்லையே, நீங்கள் யார், படம் வரைகிறவரா என்று கேட்டார்களாம். ஷூ செக்கர் என்று பதில் போட்டாளாம்.

ஆனால் அது பிறகு. அன்றைக்குக் கலா உட்காரவில்லை. நின்றபடியே, போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு பேரும்தானே வெளிய வந்தாங்க. சொல்லிட்டுப் போயிருந்தா இன்னா கெட்டுப்போயிருக்கும்?"

பூட்ஸைப் பற்றி அவள் பேசவில்லை என்று சுலோச்சனாவுக்குக்கூடத் தெரிந்தது.

நஸ்ரீன் சேமியாக் கிண்ணத்தின் மூடியை எடுத்தாள், மறுபடி மூடினாள். "சொல்லியிருந்தா நீயும் வந்து தைச்சிருப்பே," என்றாள். "நீ தைச்சா என்னை எடுத்திருக்க மாட்டாங்க. உன் கை என் கைய விட நல்ல கை. எனக்கு அது தெரியும். அதான் சொல்லல."

நான் இவள் இதற்கு ஏதாவது நல்ல காரணம் சொல்லிப் பூசுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மியின் உடம்பு, தங்கச்சியின் படிப்பு என்று எத்தனையோ இருந்தன அவளுக்கு. ஒன்றையும் சொல்லவில்லை.

கலா அவள் பக்கம் திரும்பினாள்.

"திருடி," என்றாள்.

"ஆமா."

"திங்கக்கிழமையே இதைச் சொல்லியிருந்தா நல்லா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன்டி. கெட்டவார்த்தையில."

"இப்போ திட்டு."

"இப்போ இன்னாத்துக்கு. டைம் ஆயிடுச்சு."

உண்மையாகவே மணி அடித்துவிட்டது. கலா குனிந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள். "சக்கரை ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டாள். மத்தியானம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருத்தி மிஷினில், ஒருத்தி மேஜையில். ஐந்தரைக்குக் கேட்டுக்கு வெளியே நான் வேண்டுமென்றே செருப்பு வாரை இழுத்துக் கட்டுகிற மாதிரி நின்றேன். மேரி, "இன்னா பெரியக்கா, வாரு அறுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவளும் நின்றாள். நஸ்ரீன் ஆட்டோவில் ஏறினாள். கலா சாலையின் அந்தப் பக்கம் வேறு ஆட்டோவுக்குப் போவதா என்று பார்த்தாள். பிறகு இங்கேயே ஏறி, "நகருடி, இன்னா மகாராணி மாதிரி நடுவுல உட்கார்ந்திருக்கே," என்றாள். ஆட்டோ புறப்பட்டு, ரயில்வே கேட் திருப்பம் வரைக்கும் கலாவின் குரல் கேட்டது. திட்டிக்கொண்டே போனாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆயிற்று. நானும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது அங்கே போனைக் கேட்டிலேயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிடுகிறார்களாம். அந்தத் தகரக் கொட்டகையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். சாப்பாடு புது ஹாலில், பெஞ்சு போட்டு, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று கேள்வி. அந்த ஆறு எபிசோடையும் நாங்கள் பார்த்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம், இப்போது தேடினால் வராது.

நஸ்ரீனும் கலாவும் நன்றாக இருக்கிறார்கள். நஸ்ரீன் போன அடுத்த வருஷம் ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனிச் சாம்பிள் ரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. கேள்விப்பட்ட பத்தாவது நிமிஷம் நஸ்ரீன் சென்னையிலிருந்து கலாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். இப்போது கலா அங்கேதான் இருக்கிறாள். இரண்டு பேரும் தினம் பேசிக்கொள்கிறார்கள், பேச்சில் பாதி சண்டை. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் ஒரே இடத்தில் கூடி இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு வீடியோவில் வருவார்கள். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி மறைத்துக்கொண்டு கத்துவார்கள்.

காணாமல் போனது நாங்கள் மூன்று பேர்தான். மேரி, சுலோச்சனா, நான். எங்களுக்குள் ஒரு நாளும் ஒரு சொல் தடித்ததில்லை. நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வர்றேன், நீயும் வா என்றுதான் சொல்லிக்கொண்டோம். மேரி மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டாள். சுலோச்சனாவின் நம்பரைப் போட்டால் யாரோ ஒரு ஆம்பளை எடுக்கிறான். பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டிருந்தாலாவது யாராவது ஒருத்தி நடுவில் வந்து சேர்த்து வைத்திருப்பாள். நாங்கள் நல்லபடியாகப் பிரிந்தோம். அதனால் யாரும் வரவில்லை.